சந்தேகங்களுடன் கூடிய பதிப்பு

ஜூன் மாதத் தொடக்கத்தில் பாளையங்கோட்டையில் காது வலிக்காத மாணவரைப் பார்ப்பது அரிது. கல்லூரியில் புதிதாகச் சேர்ந்தவர்கள் எல்லோரும் வலது காதின் பின்புறம் ஒரு சிறு பஞ்சை ஒட்டிக்கொண்டு, தலையைக் கொஞ்சம் சாய்த்தபடி திரிவார்கள். பஞ்சின் நிறத்தைப் பார்த்தே படிப்பைச் சொல்லிவிடலாம். மருத்துவத்துக்குப் பச்சை. பொறியியலுக்கு நீலம். பொருளியல், வணிகம், அரசியல் மூன்றையும் சேர்த்துப் படிக்கும் மூவியல் வகுப்புக்கு மஞ்சள்.

பஞ்சுக்கு அடியில், தோலுக்குள், நொய்யரிசி அளவில் இருப்பது நூல்மணி. ஒரு பாடநூல் முழுவதும் அதற்குள் அடக்கம். உடற்சூட்டிலேயே அது இயங்கும். வலி தணிந்த பிறகு, 'பணவீக்கம்' என்று மாணவர் நினைத்தால் போதும். பல தடவை படித்து நெட்டுருப் போட்டது போல அந்தப் பக்கம் நினைவில் வந்து நிற்கும். இப்படியாகப் படிப்பது என்ற வேலை உலகத்தில் ஒழிந்தது. கல்லூரிகளும் தேர்வுகளும் மட்டும் ஒழியவில்லை. அவற்றை ஒழிக்க யாருக்கும் மனம் வரவில்லை.

மணியைக் கண்டுபிடித்தவர்களுக்குத் தொடக்கத்தில் ஒரு சிக்கல் இருந்தது. வெறும் பாடத்தை மட்டும் ஏற்றினால் மூளை அதை அந்நியப் பொருளாக எண்ணித் தள்ளிவிட்டது. படிக்கிறவரின் சொந்த எண்ணம் கொஞ்சமாவது அதோடு ஒட்டிக்கொண்டால்தான் பாடம் நிலைத்தது. ஆகவே மணிக்குள் 'ஓரம்' என்று சிறிது இடம் விட்டார்கள். பாடத்தை நினைக்கும்போது மாணவருக்கு உண்டாகும் எரிச்சல், சிரிப்பு, கொட்டாவி எல்லாம் அந்த ஓரத்தில் தாமாகவே பதிந்துகொள்ளும். மற்றபடி ஓரத்தை யாரும் பொருட்படுத்தியதில்லை.

காந்திமதி அந்த ஆண்டு மூவியல் வகுப்பில் சேர்ந்தாள். அவளுடைய அப்பா இசக்கிமுத்து, வாழைத் தோட்டங்களுக்கு மருந்து தெளிக்கும் பறவைப்பொறிகளைப் பழுதுபார்ப்பவர். 'மூவியல் அறிமுகம்' பதினெட்டாம் பதிப்பைப் புதிதாகப் பொருத்திக்கொள்ள ஆகும் செலவைக் கேட்டதும், பறவைப்பொறி ஒன்றையே வாங்கிவிடலாமே என்று அவருக்குத் தோன்றியது.

"பழைய பதிப்பே போதும்ப்பா," என்றாள் காந்திமதி. "அதுல வாழைப்பழத்த உதாரணமாச் சொல்லிருக்கும். இதுல டிராகன் பழம். அவ்வளவுதான் வித்தியாசம்."

ஒரு நூல்மணி ஒரு தலைக்கு மட்டுமே என்பது சட்டம். அதனால் திருநெல்வேலி சந்திப்பின் பின்புறச் சந்தில், கண்ணாடிக்கடை என்று பெயர்ப்பலகை மாட்டிய கடைகளில்தான் பழைய மணிகள் கிடைத்தன. இசக்கிமுத்து மகளை அழைத்துக்கொண்டு அங்கே போனார்.

"யாரு காதுல கெடந்தது அண்ணாச்சி இது?" என்று ஒரு மணியைக் காட்டிக் கேட்டார்.

"பெயிலான ஒரு பிள்ளையோடது. பெயிலான பிள்ளைக மணின்னா கண்ண மூடிட்டு வாங்கலாம். உள்ள தேய்மானமே இருக்காது பாத்துக்கோங்க," என்றார் கடைக்காரர்.

"ஓரத்தத் தொடச்சாச்சா?"

"பளிச்சுன்னு தொடச்சிருக்கேன்."

அவர் துடைக்கவில்லை. துடைக்கும் கருவி போன வருடமே கெட்டுவிட்டிருந்தது. மணி, அதை விற்கும் நூல்மணிக் கழகத்தின் தலைமையகத்தோடு பேசும் இழையை மட்டும் கவனமாக வெட்டியிருந்தார். பிடிபட்டால் அவருக்கல்லவா ஆபத்து.

கல்லூரியில் மூவியல் வகுப்பை எடுத்தவர் பேராசிரியர் வேலாயுதம். ஓய்வு பெறச் சில ஆண்டுகளே இருந்தன. அவருக்கு வேலை அதிகமில்லை. வருகையைக் குறிப்பார். பிறகு, மணி சரியாகப் பொருந்தியிருக்கிறதா என்று பார்ப்பதற்காக ஆளுக்கொரு கேள்வி கேட்பார். மாணவர் ஒப்பிப்பார், இவர் தலையாட்டுவார். 'புரிகிறதா?' என்று கேட்கும் வழக்கத்தை அவர் கைவிட்டுப் பல காலம் ஆகியிருந்தது. 'நன்றாகப் புரிகிறது ஐயா' என்ற பதிலும் மணிக்குள்ளேயே இருந்தது.

ஒருநாள் காந்திமதியின் முறை வந்தது.

"பொருளியலின் அடிப்படைச் சிக்கல் என்னம்மா?"

"மனிதனின் விருப்பங்கள் எல்லையற்றவை. அவற்றை நிறைவுசெய்யும் வளங்களோ அளவுக்குட்பட்டவை. ஆகவே..." என்று சொல்லிக்கொண்டு வந்தவள் நின்றாள். நாக்கில் பால் சேர்க்காத கட்டங்காப்பியின் கசப்பு ஏறியது. யாரோ ஒரு நடுவயதுப் பெண், காற்றில் சேலை படபடக்க, தம்ளரை இரண்டு கைகளாலும் பிடித்தபடி கடலைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். காந்திமதியின் வாய் தானாகத் தொடர்ந்தது. "எங்க சித்திக்கு அப்படி ஒண்ணும் கெடையாதே சார். சாயங்காலம் ஒரு கட்டங்காப்பி கெடச்சா போதும், வேற எதுவும் வேண்டாம்னு சொல்லுவா. அப்போ அவ மனுசி இல்லையா?"

வகுப்பு சிரித்தது. காந்திமதி திகைத்து நின்றாள். அவளுக்குச் சித்தியே கிடையாது.

வேலாயுதம் சிரிக்கவில்லை. மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தார்.

"இன்னொரு தடவ சொல்லும்மா."

சொன்னாள்.

"இதுக்கு என்ன பதில்னு எனக்குத் தெரியல," என்றார் அவர். "யோசிச்சுட்டு நாளைக்கு வாரேன்."

அன்று மாலை அவர் வண்டி ஏறாமல் வீட்டுக்கு நடந்தே போனார். அவர் முகத்தைப் பார்த்த மனைவி, "என்ன, பதவி உயர்வு எதுவும் வந்துருக்கா?" என்று கேட்டாள். "வகுப்புல ஒரு பிள்ள கேள்வி கேட்டுட்டா," என்றார் வேலாயுதம். வெகுநேரம் புன்னகைத்தபடியே இருந்தார்.

அடுத்தடுத்த நாட்களில் இன்னும் பல கேள்விகள் வந்தன. 'வாங்குவோர் எல்லோரும் பொருளின் தரத்தையும் விலையையும் முழுமையாக அறிவர்' என்று பொருளியல் பகுதி சொன்ன இடத்தில், காந்திமதிக்குள் ஒரு குரல் மூக்கால் சிரித்தது. எல்லாம் தெரிந்தவர்களுக்கு விளம்பரம் எதற்கு, வணிகப் பகுதியில் விளம்பரத்துக்கென்று இத்தனை அத்தியாயம் எதற்கு என்று அவள் கேட்டாள். மனிதன் தன்னலம் கருதியே முடிவெடுப்பான் என்று முதற்பகுதி சொல்கிறது. அவன் தேர்தலில் வென்றால் பொதுநலம் கருதியே முடிவெடுப்பான் என்று மூன்றாம் பகுதி சொல்கிறது. இடையில் எந்தப் பக்கத்தில் அவன் மாறினான் என்று கேட்டாள். 'மற்றவை மாறாதிருப்பின்' என்று வரும் இடத்திலெல்லாம் அவளுக்குக் கோபமே வந்தது. "எங்க வீட்டுல ஒருநாளாவது மற்றவை மாறாம இருந்துருக்கா?"

வேலாயுதம் சிலவற்றுக்குப் பதில் கண்டுபிடித்துக்கொண்டு வந்தார். பலவற்றுக்குக் கண்டுபிடிக்கவில்லை. அதைச் சொல்லும்போதும் அவர் உற்சாகமாகவே இருந்தார். வகுப்பு மணி அடித்த பிறகும் பேச்சு நீண்டது. தூங்குவதற்கென்று கடைசி வரிசையைப் பிடித்து வைத்திருந்தவர்கள் முன்னால் நகர்ந்து வந்தார்கள்.

விரைவிலேயே தோழிகள் காந்திமதியைச் சூழ்ந்தார்கள். "ஏட்டி, எனக்கும் ஒரு சந்தேகம் குடேன். சார் மொகத்துல அந்தச் சந்தோசத்த நானும் பாக்கணும்."

முதலில் அவள் சும்மாதான் கொடுத்தாள். பிறகு ஒருத்தி நன்றிக்காகக் கூட்டாஞ்சோறு கொண்டுவந்தாள். இன்னொருத்தி இடியாப்பமும் சொதியும் கொண்டுவந்தாள். கூட்டாஞ்சோற்றுக்கு ஒரு சந்தேகம், சொதிக்கு இரண்டு என்று வழக்கம் ஏற்பட்டது. அதைப் பார்த்த சிலர் தாங்களே சந்தேகம் செய்து புழக்கத்தில் விட்டார்கள். 'அரசு என்றால் என்ன?' என்பது போன்ற அவை போலி என்று எளிதில் பிடிபட்டன. வகுப்புத் தலைவர் தேர்தலில் நின்ற ஒருவன், தான் வென்றால் எல்லோருக்கும் வாரம் ஒரு சந்தேகம் இலவசம் என்று வாக்குறுதி கொடுத்து வென்றான். அதன்பின் அவனைக் காணவில்லை. பாடநூலின் மூன்று பகுதிகளும் அந்த வகுப்பறையில் கண்ணெதிரே நடந்து முடிந்தன. அதுதான் பாடம் என்று யாருக்கும் தோன்றவில்லை.

காந்திமதிக்கு இதில் குதூகலம் இருந்தது, உறுத்தலும் இருந்தது. எதுவும் அவளுடையதல்ல. பாடநூலை நினைவில் திறக்கும்போதெல்லாம், எல்லா மாணவர்களும் புத்தகத்தின் முதல் பக்கத்தில் எழுதிக்கொள்வது போல, ஒரு பெயர் முதலில் ஒலித்தது. 'ஜெபராணி, மணப்பாடு.'

அரையாண்டுத் தேர்வு வந்தபோது உறுத்தல் பயமாக மாறியது. விடைத்தாள்களைத் திருத்துவது மதிப்பீட்டுப்பொறி. பாடநூலில் உள்ளதை அப்படியே எழுதினால் முழு மதிப்பெண். ஒரு சொல் கூடினாலும் குறைந்தாலும் வெட்டு. காந்திமதி ஒவ்வொரு விடையையும் சரியாகத் தொடங்கினாள். முடிக்கும்போது கை தானாக, 'ஆனால்...' என்று எழுதியது. வகுப்பிலேயே அவளுக்குத்தான் மிகக் குறைந்த மதிப்பெண்.

"அந்த ஜெபராணி இதனாலதான் பெயிலாகிருப்பா போல," என்று நினைத்தாள். ஒரு விடுமுறை நாளில் மணப்பாட்டுக்குப் பேருந்து ஏறினாள்.

ஜெபராணியைக் கண்டுபிடிப்பது சிரமமாக இல்லை. கடலுக்குள் பரந்துகிடந்த பாசிவயல்களில் அறுவடைப் பொறிகள் சரியாகப் போகின்றனவா என்று பார்த்துக்கொள்ளும் கோபுரத்தில் அவள் இருந்தாள். காந்திமதியைவிடச் சில வயது மூத்தவள். குரலைக் கேட்டதுமே காந்திமதிக்கு அடையாளம் தெரிந்துவிட்டது.

"அக்கா, உங்க சித்தி சவுக்கியமா? சாயங்காலக் கட்டங்காப்பி உண்டா?"

ஜெபராணி திடுக்கிட்டாள். "நீ யாருட்டி? எங்க சித்திய உனக்கு எப்படித் தெரியும்?"

காந்திமதி காதின் பின்புறத்தைத் தொட்டுக் காட்டினாள்.

"அடப்பாவி, தொடைக்காமலா வித்தான் அந்தக் கண்ணாடிக்கடைக்காரன்!" ஜெபராணி வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு பயந்துபோய், "நான் வேற என்னெல்லாம் நெனச்சிருக்கேன்? கெட்ட வார்த்த எதுவும் கெடக்கா?" என்று கேட்டாள்.

"பங்குச்சந்தை அத்தியாயத்துல கொஞ்சம் கெடக்கு," என்றாள் காந்திமதி. இருவரும் சிரித்தார்கள்.

கோபுரத்துக் கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டு ஜெபராணி தன் கதையைச் சொன்னாள். மூன்று முறை எழுதினாள். மூன்று முறையும் பொறி வெட்டியது. அதற்குமேல் எழுதக் கூடாது என்பது பல்கலைக்கழக விதி. மணியை எடுத்து விற்றுவிட்டு ஊருக்கு வந்துவிட்டாள். "பாடம் எல்லாம் தெரியும். ஆனா எழுதும்போது, இது பொய்யா இருக்கேன்னு தோணிரும். தோணுனத எழுதாம இருக்க முடியல. யாருகிட்டயாவது கேக்கலாம்னா, என்னோட வாத்தியார் கேள்வி கேட்டாலே மணி பழுதுன்னு சேவை நிலையத்துக்கு எழுதிக் குடுத்துருவாரு."

"எங்க சார் அப்படி இல்லக்கா. உங்க கேள்விய வெச்சுத்தான் எங்க வகுப்பே நடக்கு."

ஜெபராணி கடல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் கண் கலங்கியிருந்தது.

"அக்கா, அதுக்கெல்லாம் பதில் தெரியுமா உங்களுக்கு?"

"தெரிஞ்சா எதுக்குட்டி சந்தேகம்?" என்றாள் ஜெபராணி, கண்ணைத் துடைத்துக்கொண்டே. சித்தியின் வீட்டில் இருவரும் மீன்குழம்போடு சாப்பிட்டார்கள். சித்தி ஒன்றும் கேட்கவில்லை. மாலையில் காப்பியோடு வெளியே போய் உட்கார்ந்துகொண்டாள். காந்திமதி ஏற்கெனவே நன்றாக அறிந்த காட்சிதான் அது. ஆனாலும் நேரில் பார்க்கும்போது, தம்ளரின் விளிம்பு நசுங்கியிருப்பது புதிதாகத் தெரிந்தது.

இதற்கிடையில் சென்னையில், நூல்மணிக் கழகத்தின் தலைமையகத்தில் ஒரு குழப்பம் நேர்ந்திருந்தது. மணிகள் அவ்வப்போது தங்கள் நலத்தைத் தலைமையகத்துக்குத் தெரிவிக்கும். கூடவே ஓரத்தில் இருப்பதையும் தெரிவிக்கும். அப்படி வந்தவற்றைப் பார்த்துக்கொண்டிருந்த கண்காணிப்பு அலுவலர் வைரவன் ஒரு விசித்திரத்தைக் கவனித்தார். பாளையங்கோட்டைக் கல்லூரி ஒன்றில், ஒரு வகுப்பு முழுவதற்கும் ஒரே சித்தி இருந்தாள். சில மணிகளில் அவள் பெரியம்மாவாகவும், சிலவற்றில் அவள் குடிப்பது தேநீராகவும் மாறியிருந்தது. ஆனால் அவளுக்கு வேறெதுவும் வேண்டியிருக்கவில்லை என்பதில் எல்லா மணிகளும் ஒன்றுபட்டன.

வைரவன் நேரில் வந்தார். வகுப்பை வரிசையில் நிற்கவைத்துக் காதுகளைச் சோதித்தார். இழை அறுந்த மணி காந்திமதியிடம் இருந்தது.

பேராசிரியரின் அறையில் காந்திமதி உட்காரவைக்கப்பட்டாள். விதி தெளிவாக இருந்தது. மணியை அகற்ற வேண்டும். அந்த ஆண்டுப் படிப்பு போகும். வேலாயுதம் தன்னால் முடிந்தவரை மன்றாடினார். வைரவன் கெட்ட மனிதரல்ல. காலையிலிருந்து மாணவர்களிடம் கேட்ட சந்தேகங்களில் சில அவருக்கே பிடித்துப்போயிருந்தன.

"ஒண்ணு செய்யலாம்," என்றார் யோசித்து. "பத்தொன்பதாம் பதிப்புல என்ன மாத்துறதுன்னு தெரியாம நாங்களே முழிச்சுக்கிட்டு இருக்கோம். டிராகன் பழத்துக்கு அப்புறம் பழமே கிடைக்கல. உன் ஓரத்துல இருக்கிற சந்தேகத்தை எல்லாம் ஒண்ணுவிடாம சொல்லிடும்மா. மணியை நீயே வெச்சுக்கலாம். நான் எதையும் பார்க்கல."

காந்திமதிக்கு அப்பாவின் முகம் நினைவுக்கு வந்தது. ஒரு வருடம் போனால் அவரால் மறுபடி கட்டணம் கட்ட முடியாது. சொல்வதற்கோ அரைநாள்கூட ஆகாது.

"அது என்னோடது இல்ல சார்," என்றாள். "அந்த அக்கா மூணு தடவ பெயிலாகி சேத்துவெச்சது. நான் எடுத்துக் குடுத்தா நல்லாருக்காது. அக்காவயே கேளுங்க. அவ்வொ சரின்னா சரி."

ஜெபராணி மறுநாள் முதல் பேருந்திலேயே வந்து சேர்ந்தாள்.

"சண்டைக்கு அவசியமே இல்லம்மா," என்று வைரவன் பணிவாகத் தொடங்கினார். "ஓரத்துல பதியறது எல்லாம் கழகத்துக்குச் சொந்தம். மணி போட்டுக்கும்போது நீங்க ஒப்புக்கிட்டிருக்கீங்க."

"நானா?"

"'ஒப்புக்கொள்கிறேன்'னு வந்த இடத்தைத் தொட்டீங்க இல்ல?"

"அதத் தொடாம அடுத்த பக்கத்துக்கே போக முடியலயே."

"எல்லாரும் அப்படித்தாங்க தொடறாங்க."

"நீங்க?"

"நானும்தான்," என்றார் வைரவன்.

"சரி," என்றாள் ஜெபராணி. "உங்களுக்குச் சொந்தம்னா எடுத்துக்கோங்க."

வைரவன் இவ்வளவு எளிதாக முடியும் என்று எதிர்பார்க்கவில்லை. கருவியை எடுத்துக் காந்திமதியின் காதருகே பிடித்தார். கருவியின் திரையில் ஓரம் முழுவதும் வந்தது: ஒரு கசப்பு, கொஞ்சம் உப்புக்காற்று, மூக்கால் ஒரு சிரிப்பு, பல இடங்களில் ஒரு 'ம்க்கும்'. அவள் பெயரையும் ஓரிரு வசவுகளையும் தவிரச் சொற்கள் எதுவுமே இல்லை. மற்றவர்களின் மணிகளில் இருந்தது அவர்கள் காதால் கேட்ட சொல்; இதில் இருந்தது, ஒரு தலைக்குள் போனால்தான் சொல்லாகும் உணர்வு.

"இதை எப்படிம்மா பதிப்புல ஏத்துறது?"

"அது எனக்கு எப்படித் தெரியும்?" என்றாள் ஜெபராணி. "என் சிரிப்பு உங்களுக்குச் சொந்தம்னு எழுதிருக்கு. ஏன் சிரிச்சேங்கிறது எனக்குத்தான தெரியும்?"

வேலாயுதம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் தோள்கள் குலுங்கின.

வைரவன் தலைமையகத்தோடு நெடுநேரம் பேசினார். ஜெபராணி தன் நிபந்தனைகளைச் சொன்னாள். காந்திமதியின் காதில் யாரும் கை வைக்கக் கூடாது. பல்கலைக்கழகத்தில் பேசித் தன்மேல் இருக்கும் தடையைக் கழகமே நீக்கித்தர வேண்டும். தனக்கு ஒரு புது மணி வேண்டும். மூன்றுக்கும் கழகம் இணங்கியது. வணிகத் தாளில் மூன்று முறை தோற்றவளிடம் இவ்வளவு இறங்கிப்போக நேர்ந்ததை வைரவன் தன் அறிக்கையில் குறிப்பிடவில்லை.

'மூவியல் அறிமுகம்: சந்தேகங்களுடன் கூடிய பதிப்பு' இரண்டு மாதத்தில் வெளிவந்தது. அதுவரை எந்தப் பதிப்பும் அப்படி விற்றதில்லை. பதினெட்டாம் பதிப்பைப் போட்டிருந்தவர்களும் கூடுதல் கட்டணம் செலுத்திச் சந்தேகங்களை மட்டும் ஏற்றிக்கொண்டார்கள். கோவையிலும் கும்பகோணத்திலும் மாணவர்கள் எழுந்து நின்று, மணப்பாட்டுப் பேச்சு வழக்கிலேயே, "அவ மனுசி இல்லையா?" என்று தங்கள் பேராசிரியர்களைக் கேட்டார்கள். நாட்டில் சிந்தனை மலர்ந்துவிட்டதாகக் கல்வித்துறை அறிக்கை விட்டது. பல்கலைக்கழகம் பின்தங்கவில்லை. ஆண்டுத் தேர்வில் புதிதாக ஒரு பகுதி சேர்க்கப்பட்டது.

'ஏதேனும் பத்துச் சந்தேகங்களை எழுதுக.'

தேர்வறையில் அந்தக் கேள்வியைப் பார்த்ததும் காந்திமதிக்கு உற்சாகம் தாங்கவில்லை. வருடம் முழுவதும் வேலாயுதத்தோடு பேசிப் பேசி, ஜெபராணியின் சந்தேகங்களுக்குமேல் அவளுடையவை பதிந்துவிட்டிருந்தன. கசப்பும் உப்புக்காற்றும் இப்போது எப்போதாவதுதான் வந்தன. அவள் தன்னுடையவற்றையே எழுதினாள். நூல்மணியைப் பெருக்கச் செலவே இல்லை என்றால், அது எங்கள் அப்பாவுக்கு எட்டாத விலையில் இருப்பது எப்படி? எல்லாப் புத்தகத்துக்கும் 'அறிமுகம்' என்றே பெயர் வைக்கிறீர்கள். அறிமுகம் ஆனதும் எல்லோரும் எழுந்து போய்விடுகிறார்களே, பழகுவது எப்போது? இப்படிப் பத்து எழுதினாள். பேனாவை மூடும்போது, கல்லூரியில் சேர்ந்த நாளிலிருந்து அத்தனை நிறைவாக அவள் உணர்ந்ததில்லை.

முடிவு வந்தது. அந்தப் பகுதியில் காந்திமதிக்குச் சுழியம். 'பாடநூலில் இல்லாத சந்தேகம்' என்று பத்து இடங்களிலும் பொறி குறித்திருந்தது. சந்தேகங்களுக்குத் தனி இடம் கிடைத்துவிட்டதால் மற்ற பகுதிகளில் கை 'ஆனால்' எழுதவில்லை; அவற்றின் புண்ணியத்தில் தேறியிருந்தாள்.

இசக்கிமுத்து விடைத்தாளை வாங்கிப் பார்த்தார். தன்னைப் பற்றிய சந்தேகத்தை இரண்டு முறை படித்தார்.

"இது சரியான கேள்விதானட்டி. எதுக்கு வெட்டிருக்கான்?"

"அது அந்தப் பொறிக்குத் தெரியாதுப்பா."

"பாஸ்தான? போதும். இத நான் வெச்சுக்கிடுதேன்," என்று மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். வாழைத் தோட்டத்தில் பலருக்கு அதைப் படித்துக் காட்டினார்.

பல்கலைக்கழகத்திலேயே முதலிடம் பெற்றவள் ஜெபராணி. பத்துச் சந்தேகங்களையும் ஓர் எழுத்துப் பிசகாமல், பாடநூலில் உள்ளபடியே எழுதிய ஒரே மாணவி அவள்தான். மற்றவர்களுக்கு மணப்பாட்டுப் பேச்சு எங்காவது பிசகியது; அவளுக்கு அது சொந்தப் பேச்சு. எந்தச் சந்தேகங்களுக்காகப் பொறி அவளை மூன்று முறை வெட்டியதோ, அவற்றுக்கே இப்போது முழு மதிப்பெண் போட்டிருந்தது.

கல்லூரி வாசலில் கழகம் ஒரு பெரிய விளம்பரப் பலகை வைத்தது. அதில் ஜெபராணி மாடி உயரத்துக்குச் சிரித்துக்கொண்டிருந்தாள். 'எங்கள் பதிப்பில் பயின்று முதலிடம்' என்று கீழே எழுதியிருந்தது. பாராட்டு விழாவுக்கு வைரவனே வந்து பொன்னாடை போர்த்தினார். மேடையில் அவளை இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள்.

"எல்லாருக்கும் சந்தோசம்," என்றாள் ஜெபராணி. "எனக்கும் சந்தோசம்தான். நான் கேட்ட கேள்விய எல்லாம் இத்தன பேரு எழுதிருக்கீங்க. அதுக்கெல்லாம் பதில் என்னன்னு யாராவது கண்டுபிடிச்சியளா?"

வைரவன் ஒலிவாங்கியை அன்போடு தன் பக்கம் இழுத்தார். "அது பாடத்திட்டத்துல இல்லைங்க," என்றார். கைதட்டல் எழுந்தது.

முன்வரிசையில் வேலாயுதம் மட்டும் கைதட்டவில்லை; பக்கத்திலிருந்த காந்திமதியிடம் குனிந்து, "நாலஞ்சுக்குக் கண்டுபிடிச்சிருக்கேன். நாளைக்கு அவளயும் கூட்டிட்டு வீட்டுக்கு வாங்க, பேசுவோம்," என்றார். காந்திமதி சந்தோஷமாகத் தலையாட்டினாள்.

விழா முடிந்து மூவரும் வெளியே வந்தபோது, விளம்பரப் பலகைக்குக் கீழே கழகத்தின் விற்பனைக் கூடாரத்தில் கூட்டம் நெரிந்தது. பள்ளிப் பிள்ளைகளுக்கும் சந்தேகப் பதிப்பு வரப்போகிறதாம்; முன்பதிவு நடந்துகொண்டிருந்தது. வரிசையின் நடுவில் ஒரு பெண், இன்னும் பள்ளியிலேயே சேராத தன் மகளின் கையை இறுகப் பிடித்தபடி நின்றாள். மகள் பலகையையும் ஜெபராணியையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"யம்மா, அந்தக்கா படத்துல அவ்வளவு பெருசா இருக்காவ, நேருல ஏன் சின்னதா இருக்காவ?"

தாய் வரிசையில் ஓரடி முன்னால் நகர்ந்தாள்.

"யம்மா, நாம எதுக்கு இங்கன நிக்கோம்? அவ்வொ என்ன விக்காவ? அது நம்ம வீட்டுல இல்லையா?"

"ஏட்டி, சும்மா தொணதொணன்னு கேட்டுக்கிட்டே இருக்காத," என்று தாய் அதட்டினாள். "கொஞ்ச நேரம் வாய மூடிட்டு நில்லு. உனக்குச் சந்தேகம் வாங்கத்தான் இவ்வளவு நேரமா வரிசையில நிக்கேன்."